ஐலாஷ் எக்ஸ்டென்ஷனை வீட்டில் நானே ஒட்டிக்கொள்ளலாமா?

கயல் கேட்கிறார்:

தோழிகளே, வணக்கம். அடுத்த மாதம் என் தங்கைக்குத் திருமணம். அந்த இரண்டு நாளும் எனக்கு ஓய்ந்து உட்கார நேரம் இருக்காது. காலையில் எழுந்து முகம் கழுவினாலே கண்கள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், ஐலாஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது சொந்த இமை முடிமேல் செயற்கை முடியை ஒவ்வொன்றாக ஒட்டும் பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டேன்.

பெட்டிக்குள் இருப்பதைச் சொல்கிறேன். 8 மில்லிமீட்டர் முதல் 15 மில்லிமீட்டர் வரை வரிசையாக அடுக்கிய செயற்கை முடிகள் இருக்கின்றன. தட்டின் ஓரத்தில் ‘0.20, டி’ என்று போட்டிருக்கிறது. 5 மில்லி கறுப்புப் பசை ஒரு சின்னக் குப்பியில் இருக்கிறது. நேரான இடுக்கி ஒன்று, வளைந்த இடுக்கி ஒன்று, கண்ணுக்குக் கீழே ஒட்டும் ஜெல் பட்டைகள், ஒரு தூரிகை. குப்பியின் மேல் ‘மென்மையானது, கண்ணுக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பசையில் என்ன கலந்திருக்கிறது என்று எங்கும் இல்லை. செய்முறைத் தாளில் நான்கு படங்கள் மட்டுமே உள்ளன.

காணொளிகளில் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கை நடுக்கம் கிடையாது. தினமும் கண்ணாடி அணிகிறேன், கழற்றினால் கிட்டத்தில் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு விஷயம்: காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டினால் அந்த இடம் எனக்குச் சிவந்து தடித்துவிடும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வீட்டில் தானே ஒட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நன்றாக அமைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

தாழைமடல் எழுதுகிறார்:

கயல், முதலில் அந்தப் பெட்டியை மூடி வையுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

நான் பதினைந்து ஆண்டுகளாகத் துணியில் மணி கோத்துத் தைக்கிறவள். கடுகைவிடச் சிறிய மணியை ஊசி முனையில் எடுப்பது எனக்கு அன்றாட வேலை. உங்களைப்போலவே எனக்கும் கை நடுங்காது. அந்த நம்பிக்கையில்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் உட்கார்ந்தேன்.

மேசைமேல் கண்ணாடியைப் படுக்க வைத்துக் குனிந்து பார்த்தேன். அப்படிப் பார்த்தால் மேல் இமை தாழ்ந்து, முடிகள் தனித்தனியாகத் தெரியும். கீழ் இமை முடிகள்மேல் ஜெல் பட்டையை ஒட்டினேன். இடது கையில் இருந்த இடுக்கியால் முடிகளை விலக்கி ஒன்றை மட்டும் பிரித்து, வலது கையில் இருந்த இடுக்கியால் செயற்கை முடியைப் பசையில் தொட்டு அதன்மேல் வைத்தேன். முதல் ஆறேழு முடிகள் அழகாகவே உட்கார்ந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. ஆறேழு சரியாக அமைந்ததால்தான் எழுந்து போகாமல் தொடர்ந்தேன்.

அதற்குள் கண் எரியத் தொடங்கியிருந்தது. வெங்காயம் நறுக்கும்போது வருமே, அதே மாதிரியான எரிச்சல். கண்ணீர் கோத்தது. அடுத்த முடியை வைக்கும் நேரத்தில் இமை தானாகத் துடித்தது. பசை தோய்ந்த முடி இடுக்கியிலிருந்து நழுவி, கண்ணின் வெளிமூலையில் இமை விளிம்போடு ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு துளியில் என் சொந்த முடிகள் நான்கைந்து சேர்ந்து ஒரு குச்சிபோல ஆகிவிட்டன. கண்ணீர் பட்ட இடத்தில் கறுப்புப் பசை வெளிறி, உப்புப் பூத்ததுபோல உறைந்துபோனது.

பதறிப்போய் இழுத்தேன். செய்யவே கூடாத வேலை அதுதான். ஐந்து முடிகள் வேரோடு வந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாகச் சின்னப் புடைப்பு இருந்தது. அவற்றை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல உறுத்தல், ஜன்னல் வெளிச்சம் பட்டால் குத்தல், நிற்காத கண்ணீர். கண் மருத்துவர் முதலில் மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டார். பிறகு ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டு வைத்து, நீல ஒளியில் பார்த்தார். கருவிழியில் கீறல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த திரையில் எனக்கும் காட்டினார். வெளிப்புறமாக ஒரு கோடு, அதன் அருகே இன்னொரு சிறு கோடு. மேல் இமையைப் புரட்டியபோது உள்ளே கெட்டிப்பட்ட பசைத் துணுக்கு ஒன்று இருந்தது. நான் கண்ணைச் சிமிட்டிய ஒவ்வொரு முறையும் அது கருவிழியை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை எடுத்தார்கள், நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். கருவிழியின் மேல்தோல் விரைவில் வளரக்கூடியது என்பதால் மூன்றாம் நாளே கீறல் ஆறிவிட்டது. பிடுங்கிய முடிகள் பழைய நீளத்துக்கு வர ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. வெளிமூலையில் ஓரிடம் இன்றும் சற்று வெறுமையாகத்தான் இருக்கிறது.

(அந்த மரத்துப்போகும் மருந்து விட்ட நொடியே வலி நின்றது. வீட்டுக்கும் ஒரு குப்பி கொடுங்கள் என்று கெஞ்சினேன். தர மறுத்துவிட்டார்கள். வலி தெரியாமல் அதைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறாமல் கெட்டுப்போகும் என்றார்கள். யாராவது அப்படிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.)

எங்கே தவறினேன் என்று பல நாள் யோசித்தேன். என் கை தவறவில்லை. இந்த வேலைக்கு மூடிய கண் வேண்டும். ஒட்டுகிறவளுக்குத் திறந்த கண் வேண்டும். இரண்டு பேரும் ஒருத்தியாகவே இருந்தால் எந்தப் பயிற்சியாலும் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. திறந்த கண்ணில் ஒட்டினால் பசையின் ஆவி நேராகக் கண்ணில் படுகிறது, இடுக்கியின் முனை கருவிழிக்கு முன்னால் சில மில்லிமீட்டர் தொலைவில் நிற்கிறது. ஒட்டும் கண்ணை மூடிக்கொண்டால் மற்றொரு கண் ஒன்றால்தான் பார்க்க வேண்டும். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது. இதை நம்ப வேண்டாம், ஓர் ஊசியையும் நூலையும் எடுத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கையை எங்கும் ஊன்றாமல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ போகும். பதினைந்து ஆண்டு ஊசி பிடித்த எனக்கே போகிறது. அந்த நூலின் நுனியில் நொடியில் இறுகும் பசை இருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

பிளாஸ்டர் பற்றிக் கேட்டீர்கள். தொடர்பு இருக்கலாம். பிளாஸ்டரின் ஒட்டுப்பசை, ரப்பர் பால், அதன் துணி என்று எதற்கு உங்கள் தோல் சிவக்கிறது என்று தெரியாது. ஆனால் ஒட்டுப்பொருள்களுக்கு உங்கள் தோல் முகம் சுளிக்கிறது என்பது தெரிந்துவிட்டது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. கையில் தடிப்பாக வருவது அங்கே கண்ணை மூடும் வீக்கமாக வரும்.

தங்கையின் திருமணத்தில் நீங்கள் கண் நிறையப் பார்க்க வேண்டியது நிறைய இருக்கும். தயவுசெய்து அந்தக் கண்ணைப் பணயம் வைக்காதீர்கள்.

---

இளவேனில் எழுதுகிறார்:

தாழைமடல் அக்காவுக்கு நடந்ததைப் படித்து வருந்தினேன். ஆனாலும் என் அனுபவம் வேறு, அதையும் கயல் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஓர் ஆண்டாகக் கொத்து முடிகளை ஒட்டிக்கொள்கிறேன். ஒவ்வொன்றாக ஒட்டும் எக்ஸ்டென்ஷனில்லை, ஏழெட்டு முடிகள் ஒன்றாகக் கட்டியிருக்கும் சிறு கொத்துகள். இமை முடிக்கு அடிப்புறமாக, தோலைத் தொடாமல் வைத்து அழுத்துவேன். மூன்று நாளில் எடுத்துவிடுவேன். இதுவரை எனக்கு அரிப்போ வீக்கமோ வந்ததில்லை. நான் வாங்கும் பசையோடு அதற்கென்றே ஒரு நீக்கும் திரவம் சேர்ந்து வருகிறது.

முடிகள் கொஞ்சம் மெலிந்திருப்பதாகச் சில நாள்களாகத் தோன்றுகிறது. வயதா, கொத்துகளா என்று தெரியவில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொட வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். மற்ற எல்லாமே ஆபத்து என்று பயமுறுத்த வேண்டியதில்லை என்று மட்டும் சொல்ல வந்தேன்.

---

மழைத்துளி எழுதுகிறார்:

நான் ஆறு ஆண்டுகள் வாடிக்கையாளர்களுக்கு ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் ஒட்டும் வேலையைத்தான் செய்தேன். இப்போது செய்வதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் சயனோஅக்ரிலேட். உடைந்த பீங்கானை ஒட்டுகிறோமே, அதே குடும்பம். 1942-இல் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர் துப்பாக்கிக் குறிநோக்கிக்காகத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தற்செயலாக அகப்பட்டது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958-இல்தான் அது பசையாக விற்பனைக்கு வந்தது. இதன் குணம் என்னவென்றால், காற்று பட்டுக் காய்வதில்லை, ஈரம் பட்டு இறுகுகிறது. கண்ணோ எப்போதும் ஈரமாக இருக்கும் உறுப்பு. தாழைமடல் சொன்ன வெள்ளைப் பூப்பு, கண்ணீர் அதிகமாகப் பட்டு ஒரேயடியாக இறுகியதால் வந்தது.

இறுகும்போது ஆவி எழும்பும். பசை சிதையும்போது ஃபார்மால்டிஹைடும் சிறிதளவு வெளிப்படும். ‘ஃபார்மால்டிஹைட் சேர்க்கப்படவில்லை’ என்று அச்சிட்ட குப்பிக்கும் இது பொருந்தும், ஏனென்றால் சேர்க்காமலேயே அது உருவாகிறது. அதனால்தான் வாடிக்கையாளரைப் படுக்க வைத்து, ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கண்ணைத் திறக்கவே விடமாட்டோம். இமைகள் ஒரு மயிரிழை பிரிந்திருந்தால்கூட, முடிந்து எழும்போது வெண்விழியின் அடிப்பகுதியில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். அதைப் பார்த்தே அவர் கண் முழுதாக மூடியிருக்கவில்லை என்று கண்டுபிடிப்போம். ஜெல் பட்டை மேலேறி விழியைத் தொட்டாலும் அங்கே புண்படும். 2012-இல் ஜப்பானியக் கண் மருத்துவர்கள் ‘கார்னியா’ ஆய்விதழில் இந்தப் பாதிப்புகளைத் தொகுத்து எழுதினார்கள். கருவிழி அழற்சி, இமை ஒவ்வாமை ஆகியவற்றோடு பட்டை உரசிய புண்ணும், நீக்கும்போது அழுத்தியதால் வெண்விழியில் ஏற்பட்ட இரத்தக் கசிவும் அதில் இருக்கின்றன.

அடுத்து எடை. கயல், உங்கள் தட்டில் 0.20 என்று இருப்பது முடியின் விட்டம், மில்லிமீட்டரில். ‘டி’ என்பது முடியின் வளைவு வகை. நாங்கள் சாதாரணமாக எடுத்தது 0.15, மெல்லிய முடிக்காரர்களுக்கு அதற்கும் கீழே. 0.15-க்கும் 0.20-க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றும். ஆனால் எடை விட்டத்தின் இருமடியாக ஏறும். ஒரே நீளத்தில் 0.20 முடி ஏறக்குறைய 1.8 மடங்கு கனம். அதிலும் 15 மில்லிமீட்டர் நீளத்தை உங்கள் சொந்த முடி சுமக்க வேண்டும். மேல் இமையில் 90 முதல் 150 முடிகள் இருக்கும். எல்லாம் ஒரே வயதில் இருக்காது. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில நின்று ஓய்ந்திருக்கும், நாளுக்கு ஒன்றிரண்டு தானாக உதிரும். இரண்டு முடிகளைச் சேர்த்து ஒட்டிவிட்டால், வளர்கிற முடி ஓய்ந்த முடியையும், ஓய்ந்தது வளர்கிறதையும் இழுக்கும். ஒவ்வொரு முறை கண்ணைத் தேய்க்கும்போதும் அந்த இழுப்பு வேருக்குப் போகும். நீண்ட நாள் இப்படி இழுபட்டால் அந்த வேர்ப்பை முடி வளர்ப்பதையே நிறுத்திவிடலாம். இளவேனில், உங்கள் முடி மெலிந்திருப்பதாகச் சொன்னீர்களே, கொத்தின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கொத்து எத்தனை முடிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது என்று அடுத்த முறை உருப்பெருக்கும் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் விட்டுப் பார்த்தால் உங்களுக்கே விடை தெரியும்.

இன்னொன்று. இமை விளிம்பில் முடிகளுக்குப் பின்னால் வரிசையாகச் சின்னஞ்சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். பசை விளிம்பில் படிந்து அடைத்தாலும், உதிர்ந்துவிடுமோ என்று பயந்து இமையைக் கழுவாமலே விட்டாலும், அழுக்கு சேர்ந்து இமை அழற்சியும் கண்கட்டியும் வரும். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் தண்ணீர் படக்கூடாது என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். முதல் ஒரு நாளுக்குப் பிறகு தினமும் கழுவ வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

இனி என் கதை. ஆறாவது ஆண்டில் ஒருநாள் காலையில் என் இமைகள் சற்று வீங்கியிருந்தன. தூக்கமின்மை என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் இன்னும் அதிகம். பசைக் குப்பியைத் திறந்த மறுநாளெல்லாம் வீங்கத் தொடங்கியது. நான் எதையும் ஒட்டிக்கொள்ளவே இல்லை, ஆவி பட்டதே போதுமாயிருந்தது. ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதி செய்தார். எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு என்று அன்றுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. எரிச்சல் உடனே வரும், சில மணி நேரத்தில் அடங்கும். ஒவ்வாமை ஒருநாள் இரண்டுநாள் கழித்து வரும், ஒவ்வொரு முறையும் முன்னைவிட மூர்க்கமாக வரும். பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாத பசையே திடீரென்று பகையாகும். அதனால் ‘இதுவரை வரவில்லை’ என்பதை வைத்து யாரும் தைரியம் கொள்ள வேண்டாம். அறுவை சிகிச்சையில் தோலை மூடுவதற்கும் இதே குடும்பத்துப் பசைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குப்பியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். கண் சொட்டு மருந்துக் குப்பியும் அதுவும் கையில் ஒரே மாதிரி இருக்கும். இருட்டில் மாற்றி எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டு இமைகள் ஒட்டிப்போய் மருத்துவமனைக்கு ஓடியவர்கள் எத்தனையோ பேர்.

---

கயல் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், மன்னியுங்கள். கேள்வி போடுவதற்கு முந்தைய நாளே, ஒட்டுகிறதா என்று பார்க்க, வலது கண்ணின் வெளிமூலையில் மூன்றே மூன்று முடிகளை ஒட்டியிருந்தேன். ஒட்டும்போது கொஞ்சம் எரிந்தது, பிறகு சரியாகிவிட்டது. அதனால்தான் சொல்லத் தோன்றவில்லை.

இன்று காலையிலிருந்து அந்த இமை மட்டும் சிவந்து கனத்திருக்கிறது. அரிப்பு தாங்க முடியவில்லை. பார்வையில் மங்கல் இல்லை, வெளிச்சமும் கூசவில்லை. மூன்று முடிகளையும் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தேய்த்தால் வருமா? நகப்பூச்சு அழிக்கும் திரவம் பசையைக் கரைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். கத்தரித்து விடலாமா?

---

தாழைமடல் எழுதுகிறார்:

கயல், நல்லவேளையாகச் சொன்னீர்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கண்ணின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். பசையைக் கரைக்கும்தான், ஆனால் வழிந்து கண்ணுக்குள் போனால் கருவிழியைச் சுட்டுவிடும். கத்தரிக்கோலும் வேண்டாம். வெட்டினால் பசை அடியில் அப்படியே இருக்கும், நின்றுபோன மொட்டை நுனி கண்ணைக் குத்தும். எண்ணெய் இறுகிய சயனோஅக்ரிலேட்டைச் சரியாகக் கரைக்காது. தேய்க்கத் தேய்க்க வீங்கிய இமைதான் இன்னும் புண்படும். இழுப்பதைப் பற்றி நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மழைத்துளி விளக்கினாரே, ஒன்றிரண்டு நாள் கழித்து வருவது, அதுபோலத்தான் எனக்குத் தோன்றுகிறது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்த மூன்று முடிகளும் அங்கே இருக்கும்வரை காரணமும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். கண்ணை மூடிப் படுத்திருக்க, வழியாத களிம்பு வகை நீக்கியைத் தடவி, இன்னொருவர் கைதான் எடுக்க வேண்டும். ஒட்டும்போது எந்தச் சிக்கலோ, எடுக்கும்போதும் அதே சிக்கல்தான். போகும்போது பசைக் குப்பியையும் அட்டைப் பெட்டியையும் எடுத்துப் போங்கள். பிளாஸ்டர் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அதுவரை சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் பத்து நிமிடம் வையுங்கள். தேய்க்காதீர்கள். கைக்குட்டையை எடுக்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் இந்தத் துணியை எடுங்கள். மை, மஸ்காரா எதுவும் வேண்டாம். வீட்டில் யாருக்கோ எப்போதோ கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு கிடந்தால் அதை எடுத்து இமையில் பூசிவிடாதீர்கள். இமையில் அது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே பூச வேண்டியது. வலி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ, பச்சையாகவோ மஞ்சளாகவோ பீளை வந்தாலோ அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

திருமணத்துக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இமை முழுதாக அடங்கிவிட்டால், இமை முடியை வளைக்கும் கருவியால் ஒருமுறை வளைத்துவிட்டு, புதிதாகத் திறந்த மஸ்காராவை வேரிலிருந்து மேலாக இழுத்துப் பூசினாலே போதும். முதலில் வளைக்க வேண்டும், பிறகுதான் பூச வேண்டும். பூசிய பிறகு வளைத்தால் முடி கருவியில் ஒட்டி முறியும். இமை நீளத்துக்கு ஒரே துண்டாக ஒட்டும் பட்டை முடி இரவே கழற்றிவிடக்கூடியது என்பதால் எக்ஸ்டென்ஷனைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதற்கும் பசை உண்டு, அதில் ரப்பர் பால் இருக்கலாம். உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும்வரை அதுவும் வேண்டாம்.

இயற்கை முடியைப் பற்றி ஒரு செய்தி. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளின் இமை முடிகளை அளந்தார்கள். பெரும்பாலும் கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமே இருந்தது. காற்றுக் குழாயில் வைத்துச் சோதித்தபோதும் அந்த நீளம்தான் தூசையும் கண்ணீர் உலர்வதையும் நன்றாகத் தடுத்தது. அதைவிட நீண்டால் காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடுகிறது. இதைப் படித்ததிலிருந்து என் முடி குட்டை என்று நான் நினைப்பதே இல்லை.

---

இளவேனில் எழுதுகிறார்:

மழைத்துளி, சொன்னபடியே பார்த்தேன். ஒரு கொத்தில் என் முடிகள் ஆறு சிக்கியிருந்தன. நடுவில் ஒன்று மடங்கிக் கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மூன்று மாதம் எதுவும் வைக்கப் போவதில்லை. கயல், மருத்துவரிடம் போனீர்களா?

---

கயல் எழுதுகிறார்:

நேற்று மாலையே போய்விட்டேன். மூன்றையும் எடுத்துவிட்டார்கள், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் முடி ஒன்றுதான் போயிற்று. கருவிழியில் கீறல் இல்லை என்று அந்த நீல ஒளியில் பார்த்துச் சொன்னார்கள். தாழைமடல் அக்கா எழுதியிருந்ததால் ஆரஞ்சுச் சாயத்தைக் கண்டு நான் பயப்படவில்லை. ஒவ்வாமை என்றுதான் மருத்துவரும் நினைக்கிறார். இமைக்கு ஒரு வாரத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறார். எந்தப் பொருளுக்கு என்று அறியத் தோல் மருத்துவரிடம் முதுகில் பட்டை ஒட்டிச் செய்யும் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். திருமணம் முடிந்ததும் போகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் குப்பியைப் பற்றி மழைத்துளி எழுதியது நினைவுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். அம்மாவுக்குக் கண்ணழுத்த நோய்க்காக இரவில் விடும் சொட்டு மருந்து நான் பசைக் குப்பியை வைத்திருந்த அதே இழுப்பறையில்தான் இருந்தது. இரண்டுக்கும் வெள்ளை உடல், கறுப்பு மூடி. விளக்கைப் போடாமல் எடுத்து விட்டுக்கொள்வது அம்மாவின் வழக்கம். கை கால் நடுங்கிவிட்டது. பசையை மருத்துவரிடமே விட்டு வந்திருக்கலாம். இப்போது மூடியை இறுக்கி, பெட்டியோடு சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்திவிட்டேன். அம்மாவின் குப்பியில் சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

இன்று காலை அரிப்பு பாதி குறைந்திருக்கிறது. வீக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் கண் முழுதாகத் திறக்கிறது.